மீன் வளராமல் நிற்பது ஏன்? கல்லீரலைப் பாருங்கள்

பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால், புல் கெண்டை முதலிய மீன்களை வளர்த்துவரும் விவசாய அன்பர்களிடமிருந்து அடிக்கடி வரும் முறையீடு ஒன்று உண்டு. "தவிடும் பிண்ணாக்கும் குறைவின்றிப் போடுகிறோம். மீன் ஒன்றும் சாகவில்லை. ஆனால் எட்டு மாதம் ஆகியும் எடை கூடவில்லை" என்பார்கள். மீன் செத்து மிதந்தால் ஊரே கூடிப் பார்க்கும், காரணமும் தேடப்படும். சாகாமல் நலிந்துகொண்டிருக்கும் மீனை எவரும் கவனிப்பதில்லை. அறுவடை நாளில் தராசில் வைக்கும்போதுதான் நட்டம் தெரிகிறது.

இக்கட்டுரையை எழுதும் நான் உழவியல் பயின்றவன். மீன் எனது துறை அன்று. இருந்தும் இதை எழுதக் காரணம், நானே ஒரு முறை செய்த தவறு. நெல் வயலைப் பார்வையிடச் சென்ற இடத்தில் ஒரு விவசாயி தமது 25 சென்ட் குட்டையைக் காட்டி, மீன் வளரவில்லை என்று யோசனை கேட்டார். தீவனத்தைக் கூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் அப்படியே செய்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மீன் முன்னைவிட இளைத்திருந்தது. மீன்வளம் பயின்ற நண்பர் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் குட்டைப் பக்கமே போகவில்லை. "தீவனச் சாக்கு எங்கே?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

சாக்கு, மோட்டார் கொட்டகையின் மண் சுவரை ஒட்டி, தரையிலேயே கிடந்தது. அடியில் இருந்த பிண்ணாக்கில் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி படிந்திருந்தது. தவிட்டை முகர்ந்தால் பழைய எண்ணெயின் காறல் வாடை. வீச்சு வலை போட்டு இரண்டு மீன் பிடித்து வயிற்றைக் கீறிக் காட்டினார். செங்கபில நிறத்தில் இருக்கவேண்டிய ஈரல் வெளிறி, மஞ்சள் பாய்ந்து, விரலால் தொட்டாலே உதிரும்படி இருந்தது. நான் கூட்டச் சொன்ன தீவனந்தான் மீனைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

ஈரல் செய்யும் வேலை

மீன் தின்ற தீவனத்தின் சத்து குடலிலிருந்து இரத்தத்தில் கலந்ததும் முதலில் போய்ச் சேரும் இடம் ஈரல். சர்க்கரையைச் சேமித்து வைப்பது, கொழுப்பைப் பக்குவப்படுத்துவது, இரத்தத்திற்கு வேண்டிய புரதங்களை உண்டாக்குவது, பித்த நீரைச் சுரப்பது எல்லாம் அதன் பொறுப்பு. தீவனத்தோடும் நீரோடும் உள்ளே போகும் நஞ்சை முறித்து வெளியேற்றுவதும் அதன் பொறுப்பே. ஆடு, கோழிகளில் உள்ளதுபோல் கெண்டை இன மீன்களில் ஈரல் ஒரே கட்டியாக இருப்பதில்லை. குடலின் மடிப்புகளுக்கு இடையே பரவி, கணையத் திசுவும் அதனுள்ளேயே கலந்து கிடக்கும். ஆகவே கெண்டையின் ஈரல் கெட்டால் சீரணமும் சேர்ந்தே கெடுகிறது. தீவனம் உள்ளே போகும், எடையாக மாறாது.

நஞ்சை முறிக்கும் உறுப்பு என்பதாலேயே நஞ்சினால் முதலில் அடிபடும் உறுப்பும் ஈரலாக இருக்கிறது. அடி விழும் விதம் பலவாக இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரே செயல் நடைபெறுகிறது. அதை விளக்க நமது வயலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பிராணவாயு பகையாவது எப்படி?

களை கருகுவதற்குப் பாராகுவாட் தெளித்திருப்பீர்கள். நல்ல வெயிலில் தெளித்தால் சில மணி நேரத்திலேயே இலை வாடி, மறுநாள் தீய்ந்துவிடும். நிழலில் உள்ள களை அவ்வளவு விரைவில் கருகாது. காரணம் என்னவெனில், அம்மருந்து தானாக இலையை எரிப்பதில்லை. வெயிலைக் கொண்டு இலை உண்டாக்கும் மின்னணுக்களை இடைமறித்துப் பிராணவாயுவிடம் கொடுத்துவிடுகிறது. மின்னணு ஏறிய பிராணவாயு சாதுவானதன்று. அருகில் உள்ள கொழுப்பு, புரதம் எதையும் தாக்கும். உயிரணுவின் மேலுறை கிழிந்து சாறு ஒழுகி இலை காய்கிறது. இலையைக் கொல்வது இலையினுள் இருக்கும் பிராணவாயுவே.

இதே செயல் எல்லா உயிரணுக்களிலும் சிறு அளவில் எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அடுப்பு எரிந்தால் பொறி பறப்பதைப் போல, உயிரணு தன் உணவை எரித்துச் சக்தி பெறும்போது கொஞ்சம் பிராணவாயு இப்படி வெறிகொண்டு வெளிப்படும். பொறியை அணைக்க உடலில் காவலும் உண்டு. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி முதற்காவல். இதன் வேலையை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெக்கார்ட், பிரிடோவிச் என்ற இருவர் கண்டறிந்தனர். அது வெறிகொண்ட பிராணவாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதைக் கேட்டலேஸ் என்ற நொதி தண்ணீராகவும் சாதாரணப் பிராணவாயுவாகவும் பிரித்துவிடும். குளுட்டாதயோன் என்ற பொருளும், செலினியம் சேர்ந்த இன்னொரு நொதியும் மீதியைக் கவனிக்கின்றன. உயிரணுவின் கொழுப்புறைக்குள் வைட்டமின் ஈ அமர்ந்து, தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாமல் தடுக்கிறது.

கேட்டலேஸ் ஈரலில் ஏராளம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோழி வாங்கும்போது பச்சை ஈரல் துண்டு ஒன்றை எடுத்துவைத்து, காயம் கழுவ மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கும். வேகவைத்த துண்டில் விட்டால் நுரைக்காது. வெந்ததும் நொதி செயலிழந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் மறக்கமாட்டார்கள்.

பொறியைவிடக் காவல் மிகுந்திருக்கும் வரை கவலையில்லை. பொறி மிகுந்தாலோ காவல் குறைந்தாலோ ஈரலின் உயிரணுக்கள் வேகத் தொடங்குகின்றன. இந்த நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். மீனுக்கு இது மற்றப் பிராணிகளைவிடக் கூடுதலான ஆபத்து. நீரின் குளிர்ச்சியிலும் உறையாமல் இளகி நிற்பதற்காக மீனின் கொழுப்பு எளிதில் பிராணவாயுவோடு சேரும் வகையில் அமைந்துள்ளது. மாட்டுக் கொழுப்பு கட்டியாக உறைவதையும், மீன் எண்ணெய் திரவமாகவே இருந்து விரைவில் நாறிப்போவதையும் பார்த்திருப்பீர்கள். நாறுவதும் இதே செயல்தான்.

தவிட்டுச் சாக்கில் நடப்பது

அரிசித் தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் உள்ளது. நெல் அரைபடும் வரை அந்த எண்ணெய் தனியாகவும், அதைச் சிதைக்கும் நொதி தனியாகவும் இருக்கின்றன. ஆலையில் தீட்டும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. அன்றே சிதைவு தொடங்குகிறது. சில நாட்களில் காறல் எடுத்துவிடும். சிதைந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து பெராக்சைடுகளாக மாறும். அத்துடன் தவிட்டில் இருந்த வைட்டமின் ஈ-யும் அந்தத் தீயை அணைப்பதிலேயே செலவாகிவிடும். காறிய தவிட்டைத் தின்னும் மீனுக்குப் பொறியும் கூடுகிறது, காவலும் குறைகிறது.

புழுங்கல் அரிசித் தவிட்டில் இந்த நொதி வேக்காட்டில் அழிந்துவிடுவதால் முதல் சிதைவு குறைவு. அதற்காக மாதக் கணக்கில் வைக்கலாம் என்று எண்ணவேண்டாம். காற்றுப் பட்டுக் காறுவது அதிலும் உண்டு. எண்ணெய் எடுத்த தவிடு கிடைக்கும் இடங்களில் அதை வாங்குவது நல்லது. கெடுவதற்கு அதில் எண்ணெய் இல்லை. பச்சரிசித் தவிடுதான் கைக்கு எட்டுகிறது என்றால் வாரம் ஒரு முறை புதிதாக வாங்கிப் போடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆலையில் தேங்கிய பழைய தவிட்டை லாரியில் ஏற்றி வருவது மலிவான வியாபாரம் அன்று.

இது ஏட்டுச் செய்தியன்று. ஜப்பானில் கெண்டை வளர்ப்போர் பட்டு நூற்கும் இடங்களில் மீதமாகும் கூட்டுப்புழுக்களைத் தீவனமாகப் போட்டு வந்தனர். கூட்டுப்புழுவில் எண்ணெய் மிகுதி. அது காறிய நிலையில் போடப்பட்ட பண்ணைகளில் மீன்களின் முதுகுச் சதை கரைந்து கத்தி முனைபோல் ஒட்டிப்போயிற்று. 'முதுகு இளைத்தல்' என்ற பொருளில் இதனைச் 'செகோக்கே' நோய் என்றனர். காறிய எண்ணெயே காரணம் என்பதையும், தீவனத்தில் வைட்டமின் ஈ சேர்த்தால் நோய் வராமல் தடுக்கலாம் என்பதையும் 1960-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிரூபித்தனர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பட்டுத் தொழில் நடைபெறுவதால் நம்மிடமும் கூட்டுப்புழு கிடைக்கிறது. அது சிறந்த புரதத் தீவனம் என்பதில் ஐயமில்லை. எண்ணெய் எடுத்த கூட்டுப்புழுத் தூளையோ, அன்றன்று கிடைப்பதையோ பயன்படுத்துங்கள். வெயிலில் பரப்பி, நாற்றம் எடுத்தபின் போடுவது கூடாது.

பிண்ணாக்கில் வளரும் நஞ்சு

காறல் வாடையை மூக்கு கண்டுபிடித்துவிடும். பூஞ்சாண நஞ்சுக்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சாணம் வளர்ந்து, அப்ளாடாக்சின் என்ற நஞ்சை விட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் மீன் பண்ணைகளில் வானவில் டிரவுட் மீன்களுக்கு ஈரலில் புற்றுக்கட்டி கூட்டங்கூட்டமாகத் தோன்றியது. அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. நஞ்சு அதே அப்ளாடாக்சின். ஒரு கிலோ தீவனத்தில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நீண்ட நாள் தின்ற டிரவுட்டுக்குக் கட்டி வருவது பிறகு சோதனைகளில் தெளிவாயிற்று.

நமது கெண்டைகள் டிரவுட்டைப் போல அவ்வளவு மென்மையானவை அல்ல. கூடுதலான அளவைத் தாங்கும். அதுவே நமக்கு ஒருவகையில் பாதகமாகவும் முடிகிறது. மீன் சாகாததால் நாம் பூஞ்சாணம் பிடித்த பிண்ணாக்கைத் தொடர்ந்து போடுகிறோம். ஈரல் அந்த நஞ்சை முறிக்க முயலும்போது, நஞ்சு முதலில் முன்னைவிடக் கொடிய வடிவத்திற்கு மாறுகிறது. அதைப் பற்றி வெளியே தள்ளுவது குளுட்டாதயோன். நாள்தோறும் நஞ்சு வந்தால் குளுட்டாதயோன் கையிருப்புக் கரைகிறது. அப்போது சாதாரணப் பொறியை அணைக்கவும் ஆள் இல்லாமல் போகிறது. ஈரலில் கொழுப்புத் தேங்கி, உயிரணுக்கள் மடிகின்றன.

பிண்ணாக்கைக் காயவைத்தாலோ, ஊறவைத்துப் போட்டாலோ, வேகவைத்தாலோ நஞ்சு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். காயவைத்தால் பூஞ்சாணம் மேலும் வளர்வது நிற்கும். ஏற்கெனவே ஊறிய நஞ்சு அங்கேயேதான் இருக்கும். சமையல் சூட்டுக்கு அது அசைந்து கொடுக்காது. மேலே உள்ள பூசணத்தைத் தட்டிவிட்டுப் போடுவதும் பயனற்றது. அத்தகைய பிண்ணாக்கை மாட்டுக்கும் வைக்கக்கூடாது. பாலில் அந்நஞ்சின் ஒரு வடிவம் வெளிப்படும். குழி எடுத்துப் புதைத்துவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் ஒரு சாக்கின் விலையைப் பார்த்து ஒரு குட்டை மீனை இழப்பதா என்று எண்ணிப் பாருங்கள்.

இதன் தொடக்கம் சாக்கிலும் இல்லை, நிலக்கடலை வயலில் இருக்கிறது. இங்கே என் துறைக்கு வந்துவிட்டேன். சற்று விரிவாகவே சொல்லலாம். மானாவாரி நிலக்கடலையில் காய் முற்றும் கடைசி 4 முதல் 6 வாரங்களில் மழை பொய்த்து மண் சூடேறினால், பூஞ்சாணம் மண்ணிலேயே காய்க்குள் நுழைந்துவிடுகிறது. செடி வாட்டத்தில் இருக்கும்போது பருப்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுவதே காரணம். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் இந்தச் சமயத்தில் ஓர் உயிர்த்தண்ணீர் விடுவது மகசூலுக்கு மட்டுமின்றி, இந்த நஞ்சைத் தடுக்கவும் உதவும். களைக்கொத்து பட்டு உடைந்த காய், கறையான் அரித்த காய், வெட்டுப்புழு துளைத்த காய் ஆகியவற்றைத் தனியே பிரியுங்கள். பிடுங்கிய செடிகளைக் காய்ப்பகுதி மேலே இருக்கும்படி தலைகீழாகப் பரப்பிக் காயவையுங்கள். காயை ஆட்டினால் பருப்பு உள்ளே கலகலக்க வேண்டும்; ஈரம் 8 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும். மழையில் நனைந்த காயை அப்படியே அம்பாரம் போட்டால் இரண்டே நாளில் பூஞ்சாணம் பிடித்துவிடும்.

கழித்த சொத்தைப் பருப்பை என்ன செய்கிறோம்? பெரும்பாலும் செக்குக்கு அனுப்புகிறோம். நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயில் போகாமல் பிண்ணாக்கில் தங்குகிறது. அந்தப் பிண்ணாக்கு நமது குட்டைக்கே திரும்பி வருகிறது. சொந்தக் கடலையை ஆட்டிப் பிண்ணாக்கு எடுக்கும் அன்பர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தரையிலிருந்து அரை அடி உயர மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஒழுகாத கூரையின்கீழ் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவே வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதிலும் பாதி.

தெளிப்பானிலிருந்து வரும் கேடு

வயலும் குட்டையும் அடுத்தடுத்து இருக்கும்போது தப்பமுடியாத கேள்வி, பூச்சிமருந்து. பலர் என்னிடம், "சிவப்பு முக்கோணம் போட்ட மருந்து வாங்குவதில்லை ஐயா, நீலமும் மஞ்சளும்தான். மீனுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். இது பெருந்தவறு. சிட்டியின் மேல் உள்ள வண்ண முக்கோணம் எலி முதலிய பாலூட்டிகளில் சோதித்து, மனிதனுக்குள்ள ஆபத்தைக் காட்டப் போடப்படுவது. மீனைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை நமது ஈரல் விரைவில் முறித்துவிடுகிறது. மீனின் ஈரலுக்கு அந்த வேகம் கிடையாது. ஆகவே நமக்கு மிதமான மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சாகிறது. நீரில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே கெண்டைக் குஞ்சுகள் மடிகின்றன.

அளவு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 25 சென்ட் பரப்பும் 4 அடி ஆழமும் உள்ள குட்டையில் சுமார் 12 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். அதில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வீதம் சேர, 10 சதவீத சைபர்மெத்ரின் வெறும் 12 மில்லி போதும். ஏக்கருக்குச் சுமார் 250 மில்லி தெளிக்கிறோம். தெளித்த அன்றே கனமழை பெய்து, அதில் பத்தில் ஒரு பங்கு வடிகால் வழியே குட்டையில் இறங்கினால் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஆகிவிடும். சேறும் வண்டலும் ஓரளவு மருந்தைப் பற்றிக்கொள்வதால் எல்லா மீனும் செத்துவிடாது. தப்பித்த மீன்களைக் கண்டு நாம் நிம்மதி அடைகிறோம். அவற்றின் ஈரலை ஆராய்ந்தால் கொழுப்புச் சிதைவின் கழிவுப் பொருள் கூடியிருப்பதும், காவல் நொதிகள் தாறுமாறாகியிருப்பதும் தெரியும். நமக்கு மருத்துவர் எழுதித் தரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரத்தச் சோதனையை மீனுக்குச் செய்தால் அங்கும் அளவு ஏறியிருக்கும். ஈரலின் உயிரணு உடைந்து உள்ளே இருக்கவேண்டிய நொதி இரத்தத்தில் கசிந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

முன்னர் சொன்ன பாராகுவாட்டும் மீனின் உயிரணுவுக்குள் புகுந்தால் இலையில் செய்த அதே வேலையைச் செய்கிறது. அங்கே வெயில் தேவையில்லை. உயிரணுவின் நொதிகளே அதற்கு மின்னணு கொடுத்துவிடுகின்றன. களிமண்ணில் பட்டால் அது இறுகப் பற்றிக்கொள்ளப்பட்டு அடங்கிவிடும். நேரே நீரில் விழுந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே குட்டைக் கரையில் உள்ள களைக்குக் கதிர் அரிவாள்தான் ஏற்ற கருவி. மனிதர் விழுங்கினால் இதற்கு முறிவு மருந்தே இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு அனுமதியில்லை.

2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பான் பழைய புட்டிகளாக இன்னும் ஏதேனும் பரணில் கிடந்தால் அதை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். மீனுக்கு அதைப்போல் கொடியது சிலவே.

என்ன செய்யலாம்? வயலுக்கும் குட்டைக்கும் நடுவே குறைந்தது பத்து, பதினைந்து அடி அகலத்துக்கு மருந்து தெளிக்காத புல்வரம்பு விடுங்கள். கம்பு நேப்பியரோ வேலிமசாலோ நட்டால் புல் கெண்டைக்குத் தீனியும் ஆயிற்று. தெளித்தபின் ஒரு வாரம் வயலின் கழிவுநீர் குட்டைக்கு வராமல் வாய்மடையை அடைத்து, வேறு பக்கம் திருப்புங்கள். காற்று குட்டையை நோக்கி அடிக்கும் நேரம் தெளிக்கவேண்டாம். தெளிப்பானையும் புட்டியையும் குட்டையில் கழுவுவது பழக்கமாகவே இருக்கிறது. அந்த மிச்சத்தால் குட்டை முழுதும் நஞ்சாகாது என்பது உண்மை. ஆனால் கழுவும் மூலையில் குஞ்சுகள் மேய்ந்தால் அவற்றின் கதி அவ்வளவுதான். கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே ஊற்றுங்கள். வேப்பெண்ணெய், இனக்கவர்ச்சிப் பொறி, பறவைத் தாங்கி என்று நாங்கள் சொல்லும் ஒருங்கிணைந்த முறைகளால் குட்டை வைத்திருப்பவருக்கு இரட்டை இலாபம்.

நீர் மிகப் பச்சையானால்

சாணமும் உரமும் அதிகமாகிக் குட்டை நீர் பெயிண்ட் கலந்ததுபோல் பச்சையானால் அங்கே இரண்டு தொல்லைகள். நண்பகலில் பாசி மிகுதியாகப் பிராணவாயுவை விடும். இரவில் பாசியும் அதை உண்பதால் விடியற்காலையில் பஞ்சமாகிவிடும். மூச்சுத்திணறிக் கிடந்த உடலில் திடீரென்று பிராணவாயு பாயும்போது பொறிகள் மிகுதியாக எழுகின்றன. விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது தினமும் நடந்தால், சாகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். இரண்டாவது தொல்லை, மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. அதன் சில வகைகள் விடும் நஞ்சு நேரே ஈரலைத் தேடிப் போய்த் தாக்கும் இயல்புடையது. நீர்மேல் பச்சை ஆடையாக ஒதுங்கும் பாசியைத் துணியால் வழித்துக் கரைக்கு அப்பால் கொட்டுங்கள். சாணம் போடுவதை நிறுத்தி, புது நீர் விடுங்கள். பாசியைக் கொல்ல மயில்துத்தத்தைக் கொட்டுவது சரியான வைத்தியமன்று. பாசி ஒரே நாளில் செத்து அழுகினால் பிராணவாயு தீர்ந்துபோகும். பாசிக்குள் இருந்த நஞ்சு முழுவதும் நீரில் இறங்கும். தாமிரமும் மீனின் ஈரலிலேயே போய்ச் சேர்ந்து மேலும் பொறியைக் கிளப்பும்.

மாதம் ஒரு முறை அறுத்துப் பாருங்கள்

எடை பார்க்க வலை போடும் நாளில் இரண்டு மீனை அறுத்து ஈரலைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. 500 மீன் உள்ள குட்டையில் மாதம் இரண்டு மீன் பெரிய இழப்பல்ல. அன்றைக்குக் குழம்புக்கும் ஆயிற்று. ஈரலையும் குடலையும் மட்டும் சமையலில் சேர்க்காமல் புதைத்துவிடுங்கள். செங்கபில நிறமும் வழவழப்பும் இருந்தால் நலம். வெளிறல், மஞ்சள், திட்டுத்திட்டான நிறம், தொட்டால் உதிர்வது, பித்தப்பை அளவுக்கு மீறி வீங்கியிருப்பது ஆகியவை எச்சரிக்கை. ஈரல் மஞ்சளாக இருந்தால் நஞ்சு என்றுதான் கொள்ளவேண்டும் என்பதில்லை. தவிட்டையே அளவுக்கு மீறிப் போட்டாலும் கொழுப்புத் தேங்கும். எப்படியிருப்பினும் முதல் நடவடிக்கை ஒன்றே. பழைய தீவனத்தை அன்றே நிறுத்துங்கள். நான்கைந்து நாள் பட்டினி போட்டாலும் மீனுக்கு ஒன்றும் நேராது. பிறகு புதிய தீவனத்தைப் பாதி அளவில் தொடங்கி, தட்டில் வைத்து இறக்கி, இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்க்கிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள். ஈரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. காரணத்தை விலக்கினால் பெரும்பாலும் தேறிவிடும்.

இப்போது கடைகளில் மீன் ஈரலுக்கென்று பலவித டானிக்குகள் விற்கப்படுகின்றன. வைட்டமின் ஈ, வைட்டமின் சி இரண்டும் மீனுக்கு அவசியம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு கிலோ தீவனத்தில் 100 மில்லிகிராம் வைட்டமின் ஈ என்பது கெண்டைக்கு வேண்டிய அளவு. வீட்டில் தீவனம் கலப்பவர் மீனுக்குரிய வைட்டமின் கலவையைச் சிறிது சேர்க்கலாம். ஆனால் காறிய தவிட்டையும் பூசணப் பிண்ணாக்கையும் போட்டுக்கொண்டே டானிக் வாங்குவது, மடை உடைந்திருக்கத் துலாவில் இறைப்பது போன்றது. அந்தப் பணத்துக்கு மரச்சட்டம் வாங்குங்கள்.

மீன் நலிவுக்குக் காரணம் பிடிபடாவிட்டால் மீன்வளத்துறை அலுவலகத்துக்கோ அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மாதிரி கொண்டு செல்லலாம். செத்து உப்பிய மீனால் பயனில்லை. அதன் ஈரல் இறந்த சில மணி நேரத்தில் தானாகவே கரைந்துவிடும். சோர்ந்து நீந்தும் மீன் ஒன்றிரண்டைப் பிடித்து, பாலிதீன் பையில் இட்டு, சுற்றிலும் ஐஸ் வைத்து அன்றே எடுத்துச் செல்லுங்கள். சாக்கின் அடியிலிருந்து அரைக் கிலோ தீவனம், ஒரு புட்டி குட்டை நீர், கடைசியாகத் தெளித்த மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஆகியவற்றையும் உடன் கொண்டுபோங்கள்.